கானாவை நிறுவியது யார்: நடுவராகப் போகும் மகளுக்கு

அன்புள்ள நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ டீச்சராக இருக்கும் அக்ராப் பள்ளியில் 'கானாவை நிறுவியவர் ஒருவரா, பலரா?' என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாதம் நடத்துகிறார்கள், நீதான் நடுவர் என்று எழுதியிருந்தாய். நம் ஊர்ப் பட்டிமன்றம் மாதிரி கைதட்டலோடு முடிந்துபோகிற தலைப்பு இல்லை இது. அங்கே ஆட்சி மாறினால் விடுமுறை நாளே மாறுகிறது. அதனால் விவரம் முழுக்கத் தெரிந்துகொண்டு போய் உட்கார்.

விடுமுறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல், கானாவின் முதல் பிரதமரும் முதல் அதிபருமான குவாமே நிக்ரூமாவின் நூற்றாண்டில், அதிபர் ஜான் அட்டா மில்ஸ் செப்டம்பர் 21-ஐ நிறுவனர் நாள் என்று அறிவித்தார். அது நிக்ரூமா பிறந்த நாள். 2019-இல் நானா அகுஃபோ-அட்டோ ஆட்சியில் சட்டத்தைத் திருத்தி, ஆகஸ்ட் 4-ஐ நிறுவனர்கள் நாள் ஆக்கினார்கள். செப்டம்பர் 21 நிக்ரூமா நினைவு நாளாக மட்டும் நின்றது. 2025-இல் ஜான் மஹாமா ஆட்சி மறுபடி திருத்தி, ஆகஸ்ட் 4-ஐ எடுத்துவிட்டு, செப்டம்பர் 21-க்கே நிறுவனர் நாளைக் கொடுத்தது. பதினாறு வருஷத்தில் மூன்று தீர்ப்பு. இடையில் மாறியது ஆட்சிதான், நாடு விடுதலை பெற்ற 1957 மாறவில்லை.

அகுஃபோ-அட்டோவின் குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் பேசுவார்கள். அவருடைய அப்பா எட்வர்ட் அகுஃபோ-அட்டோ 'பிக் சிக்ஸ்' என்று விடுதலைத் தலைவர்களாகக் கொண்டாடப்படும் ஆறு பேரில் ஒருவர். ஜே. பி. டான்குவாவும் வில்லியம் ஒஃபோரி-அட்டாவும் அம்மா வழி உறவு. ஆறு பேரில் மூன்று பேர் ஒரே வீட்டு ஆட்கள். இதைச் சொல்வது தப்பில்லை, ஆனால் இதற்கு மதிப்பெண் போடாதே. யாருக்கு யார் உறவு என்பதை வைத்து ஒரு வாதம் சரியா தப்பா என்று முடிவாகாது. மறுபக்கமும் அப்படித்தான்: மில்ஸும் மஹாமாவும் நிக்ரூமாவின் கட்சிக்காரர்கள் இல்லை. அவர்களுடைய கட்சி, பிற்காலத்து ராணுவ ஆட்சியாளர் ஜெர்ரி ராலிங்ஸ் காலத்தில் பிறந்தது.

இனி வாதம் தடம் புரளும் இடத்துக்கு வருகிறேன். 'நிறுவனர்கள்' என்றதும் பிள்ளைகள் பிக் சிக்ஸ் படத்தைத்தான் நினைப்பார்கள். ஒரு 10 செடி நோட்டை (செடி என்பது கானாவின் பணம்) கையில் எடுத்துப் பார். டான்குவா, நிக்ரூமா, ஒஃபோரி-அட்டா, அகுஃபோ-அட்டோ, ஆகோ அட்ஜெய், ஒபெட்செபி-லாம்ப்டி என்று ஆறு முகம். 2010-இல் வந்த 2 செடி நோட்டு கிடைத்தால் அதையும் பக்கத்தில் வை; அதில் நிக்ரூமா மட்டும் இருப்பார். இரண்டு நோட்டையும் வகுப்பில் சுற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: இந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தது யார்?

பதில், ஆங்கிலேய கவர்னர். ஆகஸ்ட் 4, 1947-இல் சால்ட்பாண்ட் என்ற கடலோர ஊரில் ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு, அதாவது யூ.ஜி.சி.சி. என்ற கட்சி, தொடங்கியபோது (கோல்ட் கோஸ்ட் என்பது ஆங்கிலேயர் காலத்தில் கானாவின் பெயர்) அதன் தலைவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் கிராண்ட். எல்லோரும் பா கிராண்ட் என்பார்கள். மர வியாபாரி, கட்சிக்குப் பணம் போட்டவர். நிக்ரூமா அப்போது லண்டனில் இருந்தார். பொதுச் செயலாளர் வேலைக்கு அவர் பெயரைச் சொன்னது ஆகோ அட்ஜெய்; கப்பலுக்குப் பணம் கொடுத்தது பா கிராண்ட். நிக்ரூமா ஊர் வந்து சேர்ந்தது 1947 டிசம்பரில். ஆக, தொடக்க நாளை வைத்துப் பட்டியல் போட்டால் பா கிராண்ட் முதலில் வருவார், நிக்ரூமா வரமாட்டார். நோட்டில் நடந்திருப்பது நேர்மாறு. காரணம், அந்த ஆறு பேர் என்பது 1948 மார்ச்சில் கவர்னர் ஜெரால்ட் கிரீசி பிடித்து வைக்கச் சொன்னவர்களின் பட்டியல். பா கிராண்டை யாரும் பிடிக்கவில்லை, அதனால் நோட்டிலும் அவர் இல்லை.

அந்த ஆறு பேரைப் பிடித்த காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லு. 1948 ஜனவரியில் நீ க்வாபெனா பொன்னே என்ற அக்ராத் தலைவர், ஐரோப்பியக் கம்பெனிகளும் சிரியாக்காரர்களும் விற்ற இறக்குமதிச் சரக்கை வாங்கக் கூடாது என்று மறியல் ஆரம்பித்தார். துணி விலை, மளிகை விலை யாராலும் தாங்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. கொக்கோ விவசாயிகளுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல்: நோய் பிடித்த மரங்களை அரசாங்கம் கட்டாயமாக வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் லாபத்தை 75 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைக்க ஒப்புக்கொண்டன, பிப்ரவரி 28 அன்று மறியல் முடிந்தது. ஜனங்கள் கடைக்குப் போனால் எதிர்பார்த்த அளவுக்கு விலை இறங்கவில்லை. அதே நாள் மத்தியானம், பர்மா போர்முனையில் இருந்து திரும்பியவர்களும் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள், பென்ஷனும் வேலையும் கேட்டு கவர்னரிடம் மனுக் கொடுக்க அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்து நடந்தார்கள். அனுமதித்த பாதையை விட்டு விலகியதும் போலீஸ் மறித்தது. கூட்டம் நிற்கவில்லை. காலின் இம்ரே என்ற போலீஸ் அதிகாரி, தன் ஆட்கள் சுடாததைப் பார்த்துத் துப்பாக்கியைத் தானே வாங்கிச் சுட்டார். சார்ஜென்ட் அட்ஜெட்டி, கார்ப்பொரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்ட்டி லாம்ப்டி மூவரும் அந்த இடத்திலேயே செத்தார்கள். அக்ரா பற்றி எரிந்தது.

மறியலை நடத்தியதும் யூ.ஜி.சி.சி. இல்லை, ஊர்வலத்தைக் கூட்டியதும் அது இல்லை. ஆனால் கலவரத்துக்குப் பிறகு அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல், இடைக்கால ஆட்சியைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி லண்டனுக்குத் தந்தி அடித்தது. கவர்னர் பழியை இவர்கள் தலையில் போட்டுப் பிடித்தார். பன்மை பேசும் அணிக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பட்டியல் நேர்மையாக இருக்க வேண்டுமானால் ஆறோடு நிறுத்தாதீர்கள். பா கிராண்ட், பொன்னே, சுடப்பட்ட மூன்று பேர் எல்லோரும் உள்ளே வர வேண்டும். ஆறு பேரை விடுதலை செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கி அலைந்த ஹன்னா குட்ஜோவும் வர வேண்டும். ஒரு பெண் பெயர்கூட இல்லாமல் 'நிறுவனர்கள்' என்று எவன் பேசினாலும் நீ குறுக்கே கேள்.

அந்த அணிக்கு இன்னும் பலமான ஆயுதம் ஒன்று உண்டு, பல பேர் எடுக்க மறந்துவிடுவார்கள். அதே ஆகஸ்ட் 4-இல், 1947-க்குச் சரியாக ஐம்பது வருஷம் முன்னால், 1897-இல் கேப் கோஸ்டில் பூர்வகுடி உரிமைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. ஊர் நிலத்தின் மேல் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதாவை எதிர்த்து 1898-இல் லண்டனுக்கே தூது போய், காலனி மந்திரி ஜோசப் சேம்பர்லினைப் பார்த்து, மசோதாவைக் கைவிட வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே பெரும்பாலான நிலம் தலைவர்கள் கையிலும் குடும்பங்கள் கையிலும் இருப்பதற்கு இந்த வெற்றி ஒரு முக்கியக் காரணம். ஒரு நாட்டை நிறுவுவது என்பதில் மண்ணைக் காப்பாற்றுவதும் சேர்த்தி என்று யாராவது வாதாடினால், அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஒருமை அணியின் பலம் 1949-க்குப் பிறகு. கலவரத்தை விசாரித்த வாட்சன் கமிஷன் புது அரசியல் சட்டம் வேண்டும் என்றது. அதை எழுத நீதிபதி கூஸி தலைமையில் அமைந்த குழுவில், டான்குவா போன்ற யூ.ஜி.சி.சி. தலைவர்களுக்கு இடம். நிக்ரூமாவுக்கு இல்லை. வெளியே நின்ற அவர் 1949 ஜூன் 12-இல் மக்கள் மாநாட்டுக் கட்சியை, அதாவது சி.பி.பி.யைத் தொடங்கினார். பழைய கட்சி 'முடிந்த அளவு சீக்கிரத்தில்' சுயாட்சி கேட்டது, இவர் 'இப்போதே' என்றார். 1950 ஜனவரியில் 'பாசிட்டிவ் ஆக்ஷன்' என்று வேலைநிறுத்தம், புறக்கணிப்பு, அதற்காகச் சிறை. உள்ளே இருந்தபடியே 1951 தேர்தலில் நின்று, அக்ராவில் பதிவான 23,122 வாக்கில் 22,780 வாங்கினார். தேர்தல் வைத்த 38 இடத்தில் 34 சி.பி.பி.க்கு. அவர் சிறையில் இருந்தபோது கட்சியை வெளியே நடத்தியவர் கோம்லா பெடெமா. பணத்துக்கும் கூட்டத்துக்கும் தோள் கொடுத்தவர்கள் மகோலா சந்தைப் பெண்கள். ஒருமை அணியும் இந்தப் பெயர்களை விழுங்கிவிடக் கூடாது.

(பாசிட்டிவ் ஆக்ஷன் காந்தியின் வழி என்பது உண்மைதான். அதை நம் நாட்டுப் பெருமையாக மேடையில் நீட்டிப் பேசாதே. லெகோன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் அவர் கறுப்பர்களைப் பற்றி எழுதியவை அங்கே பலரைப் புண்படுத்தின.)

அடுத்தது 1954. இங்கேதான் எனக்கு ஒருமைப் பக்கம் சாய்வு வருகிறது. அரசாங்கம் கொக்கோ விலையை அறுபது ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது. உலகச் சந்தையில் விலை அதைவிட வெகுவாக மேலே. உள்நாட்டில் உள்ள அசாந்திப் பகுதி விவசாயிகள் கொதித்துப் போனார்கள், செப்டம்பரில் அங்கே குமாசி நகரத்தில் தேசிய விடுதலை இயக்கம், அதாவது என்.எல்.எம்., பிறந்தது. கோபம் நியாயமானது. ஆனால் கோரிக்கை, கூட்டாட்சி கொடுக்காமல் விடுதலை வேண்டாம் என்பது வரை போனது. எதிரணித் தலைவர் கே. ஏ. புசியா லண்டனுக்கே போய் விடுதலையைத் தள்ளிப்போடச் சொன்னார். இன்னொரு தேர்தல் வைத்துக் காட்டு என்றது லண்டன். 1956 ஜூலையில் 104 இடத்தில் எழுபதுக்கு மேல் சி.பி.பி. வென்றது. டான்குவா தன் சொந்த ஊர்த் தொகுதியிலேயே தோற்றார். அதே சமயம், அசாந்தியிலும் வடக்கிலும் பாதிக்கு மேற்பட்ட இடம் எதிரணிக்குப் போனது என்பதையும் நீ கேட்டு வாங்கு. அதைச் சொல்லாத வாதம் அரைகுறை.

எது 'கானா' என்ற கேள்வியும் இருக்கிறது. கடலோரக் காலனி, அசாந்தி, வடக்குப் பகுதிகள், ஐ.நா. பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் டோகோலாந்து ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் 1957-இன் கானா. டோகோலாந்து வந்து சேர்ந்தது 1956 மே 9 வாக்கெடுப்பில். 58 சதவீதம் ஆதரவு. தெற்கே எவே மக்களில் பெரும்பாலோர் எதிராக வாக்களித்தார்கள். 1947 சால்ட்பாண்ட் கூட்டம் பெரும்பாலும் கடலோர வக்கீல்கள், வியாபாரிகளின் கூட்டம். நான்கையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்து, ஆகஸ்ட் 3, 1956-இல் சட்டமன்றத்தில் விடுதலைத் தீர்மானம் கொண்டுவந்தவர் நிக்ரூமா. என் கணிப்பு இதுதான்: விடுதலைப் போராட்டத்துக்குப் பல பேர் தாய் தகப்பன், 1957 மார்ச் 6-இல் பிறந்த அந்த அரசை நிறுவியவர் ஒருவர். தலைப்பில் 'நாடு' என்று போட்டால் ஒரு பதில், 'அரசு' என்று போட்டால் வேறு பதில். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் பேச்சாளர் எழுந்திருக்கும் முன்பே நீ அறிவித்துவிடு. இல்லாவிட்டால் இரண்டு அணியும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

வாதம் சண்டையாக மாறும் இடம் 1957-க்குப் பிற்பாடு. 1958-இல் நிக்ரூமா அரசாங்கம் கொண்டுவந்தது, விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் சட்டம். ஒபெட்செபி-லாம்ப்டி 1963-இல் காவலில் இறந்தார். டான்குவா 1965 பிப்ரவரி 4-இல் என்சாவம் சிறையில் இறந்தார். ஆகோ அட்ஜெய், நிக்ரூமாவை அழைத்து வரச் சொன்ன அதே மனிதர், நிக்ரூமாவைக் கொல்ல நடந்த 1962 குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை வரை போய், நிக்ரூமாவைக் கவிழ்த்த 1966 ராணுவப் புரட்சிக்குப் பிறகுதான் வெளியே வந்தார். இவற்றை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. ஆனாலும் என்சாவம் சிறையைக் காட்டி 1956 வாக்குகளை அழிக்க முடியாது. நிக்ரூமா கட்டிய அக்கோசோம்போ அணையைக் காட்டி என்சாவத்தை மூடவும் முடியாது. அதனால் மார்ச் 6, 1957-ஐ எல்லையாக வை. அதற்குப் பிறகு நடந்ததைப் பேச ஆசைப்பட்டால் இன்னொரு நாள் தனித் தலைப்பில் பேசட்டும்.

நடத்தும் முறைக்கு: அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், பதிலுக்கு இரண்டு நிமிஷம் போதும். தேதியும் இடமும் சொல்லாத எந்தக் கூற்றுக்கும் மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பாதி உளறல் அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரம் முன்னால் வாட்சன் அறிக்கை, கூஸி அறிக்கை, ஆகஸ்ட் 3 சட்டமன்ற விவாதம் மூன்றிலும் சில பக்கம் படிக்கக் கொடு; அக்ராவில் தேசிய ஆவணக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது.

அணி பிரிக்கும்போது மட்டும் கவனம். டான்குவாவின் இனமான அக்கியெம் பிள்ளையை அவர் பக்கமும், நிக்ரூமாவின் இனமான என்சிமா பிள்ளையை இவர் பக்கமும் உட்கார வைத்துவிடாதே. அவர்களாகவே அப்படித்தான் போய் உட்காருவார்கள். சீட்டுக் குலுக்கிப் போடு. குலுக்கியதில் யாராவது வந்து 'டீச்சர், எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க' என்று நின்றால், அந்தப் பிள்ளைக்கு நேரம் பார்க்கும் வேலையைக் கொடு.

எந்தத் தலைப்பு வைத்தாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா