மூட்டைக் கூலியும் மணிக் கூலியும்

சவுத்ஹால், லண்டன்
17.8.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா?

தர்மபுரிப் புளியை நேராக இங்கே அனுப்பினால் கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கப்பல் வாடகையை யாரானாலும் சொல்லிவிடுவார்கள். ஆள் கூலியைத்தான் முதலில் பார்க்கணும்.

அங்கே லோடுமேனுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பேசுகிறீர்கள். லாரி ரெண்டு மணி நேரம் தாமதமானால் அது அவர் பாடு. இங்கே கூலி மணிக்கு. லாரி வராமல் நாலு பேர் சும்மா நின்றாலும் காசு முதலாளி பையிலிருந்துதான் போகும். அதனால்தான் கன்டெய்னரை நேரம் குறித்து வரச் சொல்கிறார்கள்.

1999 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி வந்தபோது மணிக்கு 3.60 பவுண்டு. 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இந்த 2025 ஏப்ரலிலிருந்து 12.21. ஆனால் முதலாளிக்கு விழுவது அதுவல்ல. வாரம் 40 மணி என்றால் வருஷச் சம்பளம் 25,397. அதில் 5,000-க்கு மேற்பட்டதற்கு 15 சதவீதம் முதலாளி தனியாகக் கட்டும் அரசுக் காப்பீடு, 3,060 பவுண்டு. ஓய்வூதியத்துக்கு 575. சம்பளத்தோடு 5.6 வார லீவு போனால் வேலை நடப்பது 1,856 மணிதான். வகுத்தால் மணிக்கு 15.64! போன வருஷம் காப்பீடு 9,100-க்கு மேல்தான், 13.8 சதவீதம். சதவீதம் ஏறியதைவிட அந்த வரம்பு இறங்கியதுதான் கடித்தது. சின்ன முதலாளிக்கு வருஷத்துக்கு 10,500 வரை காப்பீட்டில் தள்ளுபடி உண்டு. மூணு ஆள் வைத்திருப்பவர் தப்பித்தார்.

இருபது அடி கன்டெய்னரில் 20 கிலோ அரிசிப் பை 1,250 என்று வையுங்கள். பேலட்டில், அதாவது மூட்டை அடுக்கும் மரப்பலகைத் தட்டில் வந்தால், ஃபோர்க்லிஃப்ட் வண்டி தட்டோடு தூக்கி இறக்கிவிடும். ஆனால் தரையில் பத்து பேலட்தான் நிற்கும், சுற்றிலும் இடம் வீண். பையாகவே அடுக்கி வந்ததை நாலு பேர் நாலு மணியில் இறக்கினால் பைக்கு 20 பென்ஸ். அஞ்சு மணி இழுத்தால் 25.

இறக்கும்போதே பேலட்டில் வரிசைக்கு அஞ்சாகப் பத்து வரிசை அடுக்கினால் ஒரு டன். செங்கல் கட்டுகிற மாதிரி வரிசைக்கு வரிசை மாற்றிப் போடணும். ஒரே வாக்கில் அடுக்கினால் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கிச் சாயும். மேலே சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிமை அடிப்பலகையோடு சேர்த்துச் சுற்றணும். விட்டால் பிரேக் போட்டதும் பலகை ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். திரும்ப அடுக்க இன்னொரு கூலி.

இப்போது புளிக்கு வருகிறேன். ஆண்கள் இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்க 25 கிலோ, தரையருகே என்றால் 10 என்பது இங்கே வழிகாட்டு அளவு. சட்டத் தடையில்லை, ஆனாலும் நம் 50 கிலோ மூட்டைக்கு ரெண்டு ஆள் வேண்டும். 10 கிலோ அட்டைப் பெட்டியாகப் போடுங்கள். அடி 40-க்கு 30 சென்டிமீட்டர் என்றால் 120-க்கு 100 பேலட்டில் வரிசைக்குப் பத்து, இடைவெளியில்லாமல் உட்காரும். பெயர், எடை நாலு பக்கமும் அச்சடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது உள்பக்கம் திரும்பிவிடும், எடுக்கிறவர் நின்று தேடுவார்.

கொட்டை, நார் எல்லாம் அங்கேயே எடுத்துவிடுங்கள். நம்மூர்ப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கிலோ கணக்கில் செய்வதை இங்கே 15.64 கொடுத்து யாரும் செய்யமாட்டார்கள். பெட்டி விலை கேட்டு எழுதுங்கள், நானும் இங்கே ரெண்டு கடையில் விசாரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்