சேன் ஆந்த்ரே அக்கம்பக்கத்தாருக்கு எங்கள் நன்றி

அன்பானவர்களே,

2025 சிக்குன்குனியா அலையில் எங்கள் வீட்டைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் இந்த மடல். நாங்கள் புதுச்சேரியிலிருந்து பிற்பாடு இந்த ரீயூனியன் தீவுக்கு வந்து குடியேறியவர்கள், 2005-06-இல் இந்தத் தீவு பட்ட பாட்டைக் கேள்விப்பட்டதோடு சரி. அப்போது ஏறக்குறைய 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல், இந்தக் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம். ஆகவே இந்தத் தடவை அதிகம் பயப்பட வேண்டியிருந்தது எங்களைப் போல் பின்னால் வந்தவர்களும் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும்தான்.

அதனால்தான் பக்கத்து வீட்டுத் தாந்தினை (இங்கே அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் சொல்கிறேன். 2006-இல் அவர் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு கிடந்தவர், இனி அவருக்கு இதில் பயம் இல்லை. பிப்ரவரி கடைசியில் கராங்ஸ் புயல் அடித்துக் குழாயில் தண்ணீர் நின்றதும் தெருவே வாளியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்தது. தாந்தின் வீடு வீடாக வந்து டிரம் வாயில் துணி கட்டினார், பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார், கவிழ்க்க முடியாததில் மணலைக் கொட்டினார். கொசுவால்தான் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது சாக்கடையில் இல்லை, நம் வாசலில் விரற்கடை அளவு நல்ல தண்ணீரில் பிறக்கிறது என்பதைக் கையால் செய்து காட்டியவர் அவர்தான், அதுவும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல்.

பிறகு என் மனைவிக்கே வந்தது. மகள் நிறைமாதம். பிரசவ நேரத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கும் தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது 2006-இல் இந்தத் தீவு பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா நேரே எங்கள் அறைக்குப் போய் மனைவிக்குக் கொசுவலை கட்டினார், பகலில். இந்தக் காய்ச்சலைப் பரப்பும் புலிக்கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், முதல் வாரம் நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கும், அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்து மகளைக் கடித்தால் போச்சு என்று பொறுமையாகச் சொன்னார். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின் கூடாது, பாராசிட்டமால் மட்டும் என்று எழுதியும் வைத்தார். நர்ஸ் அம்மா, எங்கள் மகளும் பேரனும் நலம்.

மருந்துக்கடைச் சகோதரிக்குத் தனியாக ஒரு நன்றி. ஏப்ரலில் வயதானவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்து, சிலருக்குக் கடுமையான பின்விளைவு வந்ததால் அந்த மாதமே 65 வயதுக்கு மேல் நிறுத்தினார்கள் இல்லையா, அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வராத கதை இல்லை. எங்கள் பெரியவர்கள் பதறிப்போய் அவரிடம் ஓடினார்கள். தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததை இன்னும் பார்க்கிறார்கள் என்றார். ஒருவரையும் விரட்டவில்லை. இப்படிப் பேசுகிறவர் சொன்னால்தான் ஜனங்கள் கேட்கிறார்கள், இதை நான் கண்ணால் பார்த்தேன்.

கோயில்காரர்களே, பூஜை முடிந்ததும் தேங்காய் மூடி, அகல், பூச்சொம்பு எதிலும் தண்ணீர் தங்கக்கூடாது என்று ஒவ்வொரு வாரமும் அறிவித்தீர்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக் கூரைத் தகரத்தில் தேங்கிய தண்ணீரைக்கூட விடவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பூச்சாடிகளில் மண் நிரப்பிய இளைஞர்களுக்கும் நன்றி.

மனைவிக்கு விரல் மூட்டுகள் காலையில் இன்னும் மடங்குவதில்லை, தெருவில் பலருக்கும் அப்படித்தான் என்று தெரியும். துணி பிழிய, சாமான் தூக்க, டாக்டரிடம் போக வண்டி வேண்டுமென்றால் எங்கள் கேட்டைத் தட்டுங்கள், நானோ மகனோ வருகிறோம்.