அந்த மூன்றாவது வாளிக்கு வண்டியில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ், பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது எங்கள் தெருவுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டு வீடு வீடாகப் பேட்டரி வண்டி வர ஆரம்பித்ததில் இருந்து குப்பையைப் பிரித்துக் கொடுக்கப் பழகிவிட்டோம். ஆனால் டயாபர், நாப்கின் என்ற ஒரு குப்பையைப் பற்றி மட்டும் வண்டிக்காரரும் பேசுவதில்லை, வீட்டுக்காரரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தொட்டி போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. மாடு இழுத்துப் போட்டதை நாய் கிளறி, மழை பெய்தால் அது அப்படியே எங்கள் வாசலுக்கு வரும். இப்போது அந்த மூலையில் ஒருவர் இளநீர்க் கடை போட்டிருக்கிறார்.

பிரிப்பதும் நினைத்த அளவுக்குச் சிரமம் இல்லை. அடுப்படியில் ஒரு பச்சை வாளி. காய்த்தோல், காப்பித்தூள் சக்கை, மிஞ்சிய சோறு, அமாவாசை அன்று இலை எல்லாம் அதில் போய்விடும். கொட்டாங்குச்சி மக்குகிற குப்பைதானே என்று கேட்டதற்கு, உரக்கூடத்தில் மற்றதெல்லாம் மக்கி முடிந்தாலும் அது முழுசாகக் கிடக்கிறது, தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பால் கவரைக் கழுவி, துணிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைக்கிறேன். அதற்கு விலை உண்டு. வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் சாக்குப் பையில் பாட்டிலோடு அதையும் போட்டுக்கொள்கிறார்கள். பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட்டை யாரும் வாங்குவதில்லை. அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் எரிக்க அனுப்புகிறார்களாம். என் தையல் மெஷினடியில் விழும் வெட்டுத்துணிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. பனியன் கம்பெனிக் கழிவென்றால் மூட்டை மூட்டையாக வாங்க ஆள் வரும். என்னுடைய கைப்பிடித் துணியை, அதிலும் பாதி பாலியஸ்டரை, யார் வாங்குவார்கள்? தலையணையில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி வரும் நேரம் ஒரு தொல்லை. எதிர்வீட்டுப் பெண் கம்பெனி வேன் ஏறிப் போன பிறகுதான் வண்டி வருகிறது. பையைக் கேட்டில் மாட்டினால் நாய் விடாது. அதனால் இரண்டு மூன்று வீட்டு வாளி என் திண்ணையில்தான் நிற்கும். இருக்கட்டும், அது அக்கம்பக்கத்து விஷயம்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். நாளைக்கு மூன்று டயாபர், வயிறு சரியில்லாத நாளில் ஐந்து. நனைந்தது ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது. உள்ளே இருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொண்டே போகும். மேலே பிளாஸ்டிக், நடுவே பஞ்சு, ஓரத்தில் ரப்பர். இதை மக்கும் குப்பை என்று சொல்ல முடியாது. பழைய இரும்புக் கடைக்குப் போகும் மக்காத குப்பையும் அல்ல. எரித்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். நனைந்தது சரியாக எரிவதும் இல்லை.

வண்டியில் வரும் பெண் ஒருநாள் உலர்குப்பை போடும் நீல வாளியில் இருந்து பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, இது என்ன இவ்வளவு கனமா இருக்குது?” என்று கேட்டது. “எங்க அத்தைக்குக் கட்டறதுங்க அம்மிணி” என்றேன். “அப்படின்னா சொல்லிக் குடுத்துருங்க்கா. அங்க பிரிக்கறப்பத் தெரியாம கை வெச்சுருவோம்” என்றது. கோபமாகச் சொல்லவில்லை. உலர்குப்பையை மேடையில் கொட்டி அட்டை தனி, பாட்டில் தனி, கவர் தனி என்று பிரிப்பது மெஷின் அல்ல, இவர்கள் கைதான். ஒரு டயாபர் பிரிந்து ஜெல் கொட்டினால் அந்தக் குவியலில் இருக்கும் அட்டையெல்லாம் ஈரமாகி விலை போகாமல் போகும். கொடுத்திருக்கும் கையுறையோ மெல்லிசு.

அன்று முதல் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய புள்ளி வைத்துக் கொடுக்கிறேன். புனேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான ‘ஸ்வச்’ இப்படிச் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தியது. பார்த்ததும் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும், பிரித்துப் பார்க்க வேண்டாம். சுற்றுவது உங்கள் நாளிதழில்தான். வீட்டில் எல்லாரும் படித்து முடித்த பிறகுதான், தவறாக எண்ண வேண்டாம்.

நாப்கின் கதை இதைவிட மோசம். மருந்துக் கடையில் விற்கும்போதே ஏதோ கள்ளச் சரக்கைப் போலப் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் தருகிறார்கள். அந்த மாதிரிக் கவருக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், இதற்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அதே கவரில் முடிந்து, ஓட்டுநர் ஆண்பிள்ளை ஆயிற்றே என்று கூச்சப்பட்டு, எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் காய்கறித் தோலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்கள். அது நேராக உரக்கூடத்துக்குப் போகிறது. இன்னும் சிலர் இருட்டிய பிறகு வாய்க்காலில் வீசுகிறார்கள். கழிப்பறையில் போட்டு அடைத்துக்கொண்டு ஆள் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

விதி இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே டயாபரையும் நாப்கினையும் தயாரிப்பாளர் தரும் உறையிலோ, உள்ளாட்சி சொல்லும் வேறு உறையிலோ பத்திரமாகச் சுற்றி உலர்குப்பைத் தொட்டியில் போடச் சொல்லின. ஒவ்வொன்றையும் அப்புறப்படுத்த ஓர் உறை தருவது பற்றித் தயாரிப்பாளருக்கும் அதில் சொல்லியிருந்தது. பத்து டயாபர் உள்ள பாக்கெட்டுக்கு நானூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறேன். அப்படி ஓர் உறையை நான் வாங்கிய பாக்கெட் எதிலும் கண்டதில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் வீட்டிலேயே குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரம்; உலர்; டயாபர் நாப்கின் போன்ற சுகாதாரக் குப்பை; பல்பு, பழைய மருந்து, பெயிண்ட் டப்பா போன்ற தனிக் கவனம் வேண்டிய குப்பை. படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நீல வாளியில் ஒளிந்திருந்ததற்கு ஒருவழியாகத் தனி வாளி கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் பச்சை டிரம்மும் நீல டிரம்மும்தான் இருக்கின்றன. வீட்டில் நான்காகப் பிரித்து வண்டியில் இரண்டாகக் கொட்டுவதற்கு நான் எதற்கு மெனக்கெட வேண்டும்? பெங்களூரில் பத்து வருடத்துக்கு முன்பே ‘இரண்டு வாளி, ஒரு பை’ என்று ஆரம்பித்தபோது, அதில் ஒரு வாளி இந்த மாதிரிக் குப்பைக்காகவே சிவப்பில் வைத்தார்கள். நம் வண்டியிலும் மூடி போட்ட ஒரு சிவப்பு டிரம்முக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. இப்போது அந்த இடத்தில் துடைப்பமும் தண்ணீர் கேனும் நிற்கின்றன.

துணி கட்டலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான் தையல்காரி, பழைய வேட்டியை மடித்து, நடுவில் துண்டு வைத்துப் பகலில் கட்டுவதற்கு நானே தைத்திருக்கிறேன். கட்டிப் பார்த்த நாளில் டயாபர் ஒன்று குறைகிறது. ஆனால் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. துணி கட்டச் சொல்கிறவர் யாரும் அதைத் துவைக்கிறேன் என்று இதுவரை சொல்லவும் இல்லை.

இன்னொரு யோசனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் ஆள் வருகிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று அவர்கள் நோட்டில் இருக்கிறது. குப்பை வண்டிக்காரருக்கு அது தெரியாது. எங்கள் வாசலுக்கே வரும் இந்த இரண்டு அரசு வேலைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் சம்மதத்தோடு அந்த முகவரிகளை மட்டும் வார்டு துப்புரவு மேற்பார்வையாளரிடம் கொடுத்தால் போதும். எந்தத் தெருவில் சிவப்பு டிரம் சீக்கிரம் நிரம்பும், எங்கே ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வர வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வண்டி இல்லை. திங்கட்கிழமை காலை என் பின்வாசல் எப்படி இருக்கும் என்று எழுதினால் நீங்கள் பிரசுரிக்க மாட்டீர்கள்.

சொத்து வரியோடு சேர்த்துக் குப்பைக்கும் கட்டணம் வாங்குகிறார்கள், கட்டுகிறோம். அந்தப் பணத்தில் முதலில் குப்பை வண்டியில் வரும் அந்தப் பெண்ணுக்கு முழங்கை வரை வரும் தடித்த கையுறையும், பிறகு அந்த சிவப்பு டிரம்மும் வாங்கட்டும்.

இதைப் பகுதி சபைக் கூட்டத்திலேயே சொல்லியிருப்பேன். எங்கள் வார்டில் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள்; அது அத்தையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுக்கும் நேரம். கவுன்சிலர் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்துவிடுவார், நான் கிளம்பி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டில் தையல் வேலை செய்யும் வாசகி,
ஈரோடு மாவட்டம்
(பெயரையும் முகவரியையும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)