கைப்பேசியும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

கடந்த மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் வகுப்பிலேயே தனியே அமர்ந்திருப்பதை வகுப்பாசிரியர் மூன்று நாள் கவனித்து, என்னிடம் அழைத்து வந்தார். ரோப்ளோக்ஸ் இணைய விளையாட்டில் அறிமுகமான ஒருவர், ரோபக்ஸ் என்னும் அந்த விளையாட்டுக்கான பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பழகி, பேச்சை டெலிகிராமுக்கு மாற்றி, முதலில் சீருடையில் ஒரு படமும் பிறகு சட்டையில்லாமல் ஒரு படமும் கேட்டிருக்கிறார். மறுத்ததும், "உன் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும்" என்று மிரட்டியிருக்கிறார். அந்தச் சீருடைப் படத்தை நான் பார்த்தேன். வீட்டு வாசலில் எடுத்த படம். நெஞ்சில் பெயர்ப் பட்டை, பக்கத்திலேயே பள்ளிச் சின்னம், பின்னால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் எண், எல்லாமே தெளிவாகத் தெரிந்தன.

இதை அவன் மூன்று வாரம் மனத்திலேயே வைத்துப் புழுங்கியிருக்கிறான். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஹெண்ட்போன பிடுங்கிடுவாங்க சார்" என்றான். அக்குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

விடியுமுன் தோட்டத்துக்கும் ஆலைக்கும் புறப்படும் பெற்றோர், ஆத்திர அவசரத்துக்கு என்று பிள்ளையிடம் ஒரு கைப்பேசியை விட்டுச் செல்வதை நான் குறை கூற மாட்டேன். ஆனால், தவறு நடந்தால் கைப்பேசி பறிபோகும் என்ற பயம் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். எனவே, "என்ன நடந்திருந்தாலும் என்னிடம் சொல், உன்னை அடிக்க மாட்டேன், கைப்பேசியையும் பிடுங்க மாட்டேன்" என்று இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னபடியே நடந்தும் காட்டுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வயதைக் கூட்டிப் போட்டுச் சமூக ஊடகக் கணக்குத் திறப்பது பிள்ளைகளிடையே பரவலாக இருக்கிறது. சில வீடுகளில் பெரியவர்களே அப்படிச் செய்து கொடுக்கிறோம். டிக்டாக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்குத் திறக்க வயது வரம்பு உண்டு. டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குத் தனிச் செய்தி வசதியே கிடையாது. பத்து வயதுப் பிள்ளை தன்னை இருபது வயதாகக் காட்டிக்கொண்டால், அந்தக் காப்பு இல்லாமல் போய், முன்பின் தெரியாதவர்களும் அதனுடன் தனியே பேச வழி பிறந்துவிடுகிறது.

பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு பேச்சுக் கொடுப்பதும், அதற்காக நயமாகப் பழகி வளைப்பதும், மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். நேரில் சந்தித்தால்தான் குற்றம் என்பதில்லை. 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் இச்சட்டத்தின் பார்வையில் சிறாரே. எனவே இப்படி ஏதேனும் தெரிய வந்தால், கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த ஆளோடு சண்டை போடாதீர்கள். கைப்பேசியை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையை 15999 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

மற்றவர்களை எச்சரிக்கும் நல்ல எண்ணத்தில்கூட, ஒரு பிள்ளையின் ஆபாசப் படத்தை வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்துவிடாதீர்கள். அதைப் பரப்புவதும் வைத்திருப்பதும் அதே சட்டத்தின்படி குற்றம். அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாம் முறை இழைக்கும் கொடுமையும்கூட.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளி மண்டபத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு, கைப்பேசி அமைப்புகளை ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் சரிசெய்து கொடுப்பார்கள். பிள்ளை பயன்படுத்தும் கைப்பேசியையே கொண்டு வாருங்கள். அன்று வேலை இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால், மாலை வேலை முடிந்து வரும்வரை நான் அலுவலகத்தில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்