எல்லாமே குளவி அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி தங்கள் பத்திரிகையில் வராத மாதம் இல்லை. அதை வெளியிடாதீர்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. என் சித்தியும் அப்படிக் கொட்டு வாங்கி, முகம் வீங்கி, மூன்று நாள் வார்ட்டில் கிடந்தவர்தான். அந்தச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு சொல்லைப் பற்றியும், அந்தச் சொல்லின் பேரில் இரவோடு இரவாக எரிக்கப்படும் கூடுகளைப் பற்றியும், அதனால் மரக்கறிச் செய்கையாளர்களாகிய எங்களுக்கு நேரும் இழப்பைப் பற்றியுமே எழுதுகிறேன்.

மலையகத்தில் கூட்டமாகப் பறந்து வந்து கொட்டும் எதற்கும் குளவி என்றே பெயர். உண்மையில் இவற்றுள் குறைந்தது இரண்டு வேறு வேறு உயிர்கள் உள்ளன. ஒன்று மெய்யாகவே குளவி: கரிய உடலில் மஞ்சள் பட்டை கொண்டது, மரத்தைச் சுரண்டி மென்று காகிதம் போன்ற உறையிட்டுக் கூடு கட்டுவது. மற்றது சிங்களத்தில் பம்பரா என்று அழைக்கப்படும் பெருந்தேனீ. இதன் கூட்டுக்கு உறை கிடையாது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். சில அடைகள் ஒரு மீற்றர் அகலத்தையும் தாண்டும். பருந்து மோதினாலும், பலத்த காற்று அடித்தாலும், கீழே புகை எழுந்தாலும் இவை கலைந்துவிடும். கொட்டிய தேனீ தன் கொடுக்கை நம் தோலிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆனால் அந்தக் கொடுக்கிலிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் அதே ஆளிடம் அழைத்து வரும். ஓடுகிறவரை அவை விடாமல் துரத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். குளவியோ கொடுக்கை இழக்காமல் திரும்பத் திரும்பக் கொட்டும். ஆகவே முதலுதவியிலேயே வேறுபாடு வந்துவிடுகிறது: தேனீயாயின் ஒரு கணமும் தாமதிக்காமல் கொடுக்கை அகற்ற வேண்டும், குளவியாயின் தேடுவதில் பயனில்லை.

பெருந்தேனீக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நுவரெலியாவின் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் விளைச்சலுக்காகத் தேனீ தேவையில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாம் அவற்றில் உண்பது வேரும் இலையும் கிழங்கும்தான்; விதையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்துவிடுகிறது. போஞ்சி தன் சொந்த மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தேயிலையில் யாரும் பூவை எதிர்பார்ப்பதே இல்லை. மகரந்தச் சேர்க்கை என்பது எங்கள் பகுதியில் பாடப்புத்தகத்தோடு நின்றுபோன பேச்சாக இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வெலிமடைப் பக்கம் என் அரை ஏக்கர் காணியில் நான் செய்வது பூசணியும் வெள்ளரியும், வேலியோரம் கொடித்தோடையும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் விடியற்காலையில் விரிந்து, வெயில் உச்சிக்கு வருமுன் வாடிவிடும். அதன் மகரந்தம் பாரமும் பிசுபிசுப்பும் உள்ளது. காற்று அதைச் சுமக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து போனால் காய் பிடிக்கும். வராவிட்டால் பெண் பூவின் அடியில் நெல்லிக்காய் அளவில் இருக்கும் பிஞ்சு மஞ்சளாகி, நுனியிலிருந்து அழுகி, சில நாளில் உதிர்ந்துவிடும். வந்தும் போதாவிட்டால் ஒரு பக்கம் சூம்பிய காய்தான் மிஞ்சும். அதைச் சந்தையில் தொட்டுப் பார்ப்பாரும் இல்லை. விடியும் முன்னரே, நிலா வெளிச்சம் இருந்தால் இரவிலுங்கூட, பறந்து பூ மேயக்கூடியது பெருந்தேனீ. பூசணிக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடையாது.

எங்கள் காணிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், பெரிய மரமொன்றுக்கு ஆண்டுதோறும் வந்து தங்கும் ஏழெட்டு அடைகளை, தொழிலாளர் சிலர் கொட்டுப்பட்ட பிறகு, பந்தம் கட்டி எரித்தார்கள். அந்தப் போகத்தில் நான் காலை ஆறு மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துப் போட்டுவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு காணியின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. அந்த ஆண்டு மழையும் பிசகியிருந்தது. ஆனாலும் அதற்கு முன் எந்த ஆண்டிலும் எனக்குத் தேவைப்படாத வேலை அது.

எரிப்பதால் ஆபத்து நீங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. பெருந்தேனீ ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், பூக்காலத்தைப் பின்தொடர்ந்து இடம்பெயர்வது. ஆனால் பழகிய மரத்துக்கே மறுபடியும் வரும். இந்த ஆண்டு எரித்த மரத்தில் அடுத்த பருவத்தில் வேறொரு கூட்டம் வந்து அடை கட்டும். மாறாக, அடை இருக்கும் மலையைக் கொழுந்துக்கு இறங்கும் முன் பார்த்து அடையாளமிட்டு, அவை கிளம்பும் வரை அந்தப் பகுதியில் பறிப்பை நிறுத்தி வைப்பது தோட்ட நிர்வாகங்களுக்கு இயலாத காரியமல்ல. பாடசாலைக்கோ லயத்துக்கோ அருகில் இருந்தால், அனுபவமுள்ளவர்களைக் கொண்டு இரவில் அகற்றட்டும். முகவலையும், கொட்டுப்பட்டவரை உடனே கொண்டுசெல்ல ஒரு வாகனமும் எல்லா மலையிலும் இருக்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்ப்பதற்கே பந்தம் மலிவான வழியாகத் தெரிகிறது என்பது என் சந்தேகம்.

தேனீப் பெட்டி வைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. பெட்டித் தேனீ நல்லதுதான். ஆனால் இலங்கையில் ஏறக்குறைய 150 தேனீ இனங்கள் இருக்க, பெட்டியில் அடங்குபவை ஓரிரண்டே. எடுத்துக்காட்டாக, தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும். பூவைக் கவ்விப் பிடித்து உடலை அதிரவைக்கும் தேனீயால் மட்டுமே அதை நன்றாக உதிர்க்க முடியும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப் பட்டைத் தேனீக்கும், உலர்ந்த வேலிக்கட்டையைத் துளைத்து வாழும் பெரிய கருந்தேனீக்கும் தெரியும். பழைய லயங்களின் மண்சுவரில் பென்சில் நுழையும் அளவில் காணப்படும் துளைகள் பல நீலப் பட்டைத் தேனீயின் வீடுகளே. சுவரைப் பூசும்போது நாமும் அவற்றைச் சேர்த்து அடைத்துவிடுகிறோம். கொடித்தோடைக்கும் அந்தக் கருந்தேனீதான் வேண்டும். அதன் முதுகு உயரம் இருந்தால்தான் மேலே தொங்கும் மகரந்தப்பை உரசும். உளுத்த கட்டை ஒன்றிரண்டை வேலியில் விட்டுவைத்தாலே போதும், அது குடியேறிவிடும்.

தோட்ட நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாங்கள் தப்பிக்கவும் முடியாது. காற்று அடங்கியிருக்கிறது என்று காலை ஏழு மணிக்கே மருந்தடிக்கும் வழக்கம் எங்களுடையது. பூசணிப் பூ திறந்திருப்பதும் அந்த நேரத்தில்தான். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிக்கோட்டினொயிட் கிருமிநாசினிகளைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்ததற்குத் தேனீக்களே காரணம். இங்கும் அப்படித் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2021இல் இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதியை அரசு திடீரென நிறுத்தியபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பூத்திருக்கும் செடிக்குப் பூ மூடிய பிறகு, மாலையில் அடியுங்கள் என்பதைக் கமநல சேவை நிலையக் கூட்டங்களில் ஒவ்வொரு போகத்துக்கும் முன் வலியுறுத்தினால் எவருக்கும் ஒரு சதமும் செலவாகாது.

தங்களிடம் கேட்பது இன்னும் சிறிய உதவி. அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, கூடு உறையிட்டதாக இருந்ததா, திறந்த அடையாக இருந்ததா, எவ்வளவு உயரத்தில் தொங்கியது என்பதைத் தங்கள் பிரதேச நிருபர் கேட்டு எழுதட்டும். கொட்டியது எது என்பதை வாசகர்களே தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
வெலிமடை.