கம் யோங் கதைக்கு நம் நாளிதழில் தினம் ஒரு பத்தி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நம் நாளிதழின் சினிமாப் பக்கத்தில் சீனத் தற்காப்புக் கலைப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஜின் யோங் பெயரும் வந்தது. சண்டைக் கதை எழுதியவர் என்று ஒரே வரி. அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் ஈப்போ புந்தோங்கில்தான். எங்கள் பக்கம் சீனர்கள் பேசுவது கன்டோனீஸ். அவர்கள் வாயில் அவர் பெயர் கம் யோங். நானும் அப்படியே எழுதுகிறேன், மன்னிக்கவும். அறுபது வருடப் பழக்கம்.

அப்பா சைக்கிளில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, முறுக்கு வகைகளை விற்றவர். படம் விடும் நேரம் பார்த்துத் தியேட்டர் வாசலில் போய் நிற்பார். வீட்டில் அம்மா கடலை வறுப்பார், முறுக்கு சுடுவார். பொட்டலம் மடிப்பது எனக்கும் அண்ணனுக்கும் உள்ள வேலை. பழைய பேப்பரை நாலாகக் கிழித்து, ஒரு மூலையை உள்ளே சுருட்டி, அடியை மடக்கிவிட்டால் பொட்டலம் தயார். பேப்பர் வருவது பக்கத்து வீட்டிலிருந்து. அங்கே தௌகே (முளைவிட்ட பயறு) போடுகிற ஒரு சீன அம்மா இருந்தார். நாங்கள் ‘ஆ சம்’ என்று கூப்பிடுவோம். அவர் என்னை ‘அமோய்’ என்பார். அவர் வீட்டுக்கு வந்த பேப்பர் நன்யாங் சியாங் பாவ்.

ஒரு நாள் நான் மடித்து அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்துவிட்டு ஆ சம் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார் ஆ சம். இரண்டைத் தனியே எடுத்து, மடிப்பைத் தொடையில் வைத்து நீவி, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் என்னை உட்காரவைத்து நான்கு எழுத்துகளைக் காட்டினார். நான்கையும் மனப்பாடம் செய்ய முடியாவிட்டால் மூன்றாவது எழுத்தை மட்டும் பிடித்துக்கொள் என்றார். அது எட்டு என்ற எண். ஒன்றையொன்று தொடாமல் சாய்ந்து நிற்கும் இரண்டு கோடு, அவ்வளவுதான். அந்த நான்கு எழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் கிழிக்காதே, எடுத்து வை என்றார். நான் படித்த முதல் சீன எழுத்து அது.

அந்தத் தொடர் ‘தின் லோங் பாட் போ’. 1963 செப்டம்பர் 3ஆம் தேதி ஹாங்காங்கில் மிங் பாவ் நாளிதழில் தொடங்கியது; அதே சமயம் இங்கே நன்யாங்கிலும் வந்தது. மலேசியா உருவானதும் அதே மாதம் 16ஆம் தேதிதான். 1966 மே மாதம் வரை தொடர் ஓடியது. அந்தத் தலைப்புக்கு அர்த்தம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. பௌத்த சூத்திரங்களில் வரும் எட்டு வகையினர்: தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர். நம் பாட்டிகள் கதையில் சொன்ன பெயர்கள்! இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா போய், ஹாங்காங் எழுத்தாளர் கைபட்டு, புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கடலைப் பொட்டலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மாலையில் ஆ சம் வாசலில் உட்கார்ந்து தௌகே வேர் கிள்ளுவார். அவருடைய மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைய பகுதியை ஆ சம் உரக்கப் படிப்பார், மாமியார் கேட்பார், நானும் வேர் கிள்ளிக்கொண்டே கேட்பேன். முதலில் ஒன்றும் புரியாது. சத்தத்தை மட்டும் அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்வேன். கம் யோங்கின் இன்னொரு கதையில் குவோக் ஜிங் என்ற பையன் ஒரு வித்தைச் சுவடியின் கடைசிப் பகுதியை அர்த்தமே தெரியாமல் ஒப்பிப்பான். பின்னால் ஒரு துறவி, இது சமஸ்கிருதம், சீன எழுத்தில் ஒலியை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பொருள் சொல்வார். அந்த இடம் வரும்போதெல்லாம் ஆ சம் வீட்டு வாசல்தான் என் ஞாபகத்துக்கு வரும். நான் கன்டோனீஸ் கற்றது அப்படித்தான்.

இப்போது உங்கள் கட்டுரையாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம் யோங் முதலில் ஒரு பத்திரிகைக்காரர். சா லியாங் யோங் என்ற சொந்தப் பெயரின் கடைசி எழுத்தை இரண்டாகப் பிரித்துப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். 1924இல் சீனாவின் செஜியாங் மாநிலத்து ஹைனிங்கில் பிறந்தார். 1951இல் அவருடைய தகப்பனார் அங்கே மரண தண்டனைக்கு ஆளானார். அந்தக் குற்றச்சாட்டு தவறு என்று பல வருடம் கழித்து அரசே ஒத்துக்கொண்டது. 1955இல் ஹாங்காங்கில் ஒரு மாலைப் பேப்பருக்கு எழுதியதுதான் அவருடைய முதல் நாவல். 1959 மே 20ஆம் தேதி ஒரு நண்பரோடு சேர்ந்து மிங் பாவ் நாளிதழைத் தொடங்கியபோது, முதல் நாள் இதழிலேயே அவருடைய புதிய தொடரும் தொடங்கியது. ஒரே ஆள் தலையங்கமும் எழுதினார், தொடரும் எழுதினார். அதுவும் ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருடக்கணக்கில். தினமும் கொஞ்சம் எழுதி, நாளைக்கு என்ன ஆகும் என்று ஜனங்களைத் தவிக்கவிட்டு, அந்தத் தவிப்பிலேயே ஒரு நாளிதழைத் தூக்கி நிறுத்தினார். 1967இல் சிங்கப்பூரில் ஷின் மின் நாளிதழ் தொடங்கியபோதும் அதன் நிறுவனர்களில் அவர் ஒருவர்.

தினத்தொடர் என்றால் நிறுத்த முடியாது. 1965இல் அவர் வெளிநாடு போக வேண்டி வந்தது. எழுத்தாள நண்பர் நீ குவாங்கிடம் ‘தின் லோங் பாட் போ’வைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் நண்பர் ஆ சீ என்ற பெண்ணின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்! கம் யோங் அதை அழிக்கவில்லை. அந்தக் குருட்டுக் கண்ணை வைத்தே கதையை மேலே கொண்டுபோனார். பின்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்து எல்லா நாவல்களையும் திருத்தினார். நண்பர் எழுதியதை எடுத்தார், ஆனால் கண் போனது போனதுதான். எழுத்துத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவருடைய செல்வாக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 1967இல் தொடங்கிய தொடர் ஒன்றை சைகோனில் சீனம், வியட்நாமியம், பிரெஞ்சு என்று 21 பேப்பர்கள் ஒரே நேரத்தில் போட்டன. தென் வியட்நாம் நாடாளுமன்றத்தில் ஒருவரை ஒருவர் ‘நீ ஒரு ஙொக் பட் குவன்’ என்று திட்டிக்கொள்வார்களாம். வெளியே நல்லவன், உள்ளே நஞ்சு. அப்படிப்பட்ட பாத்திரம் அது. கம் யோங்கே அந்த நாவலின் பின்னுரையில் எழுதியிருக்கிறார். தைவானில் 1979 வரை அவருடைய புத்தகங்களுக்குத் தடை. சீனாவிலும் எண்பதுகளில்தான் வெளிப்படையாக வரத் தொடங்கின. சீனாவின் அலிபாபா இணைய வணிக நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் பலர் அவருடைய பாத்திரங்களின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்கள். அதைத் தொடங்கிய ஜாக் மாவே அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எனக்குச் சொந்தமாகத் தெரிந்தது கியூ ஃபோங்கை மட்டும்தான். ‘தின் லோங் பாட் போ’வின் நாயகர்களில் ஒருவன். பிச்சைக்காரர் சங்கத்துக்குத் தலைவன். சோங் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவன். ஒரு நாள் கூட்டத்தின் நடுவில், நீ சீனன் இல்லை, எல்லைக்கு அப்பாலுள்ள கிதான் இனத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவுதான், நேற்று வரை காலில் விழுந்தவர்கள் இன்று கத்தியை உருவுகிறார்கள். கடைசியில் அவன் பிறந்த இனத்துப் பேரரசனிடமே, உன் ஆயுள் உள்ளவரை சோங் நாட்டின் மேல் படையெடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறான். அரசன் அம்பை ஒடித்துச் சத்தியம் செய்கிறான். இரண்டு நாட்டுக்கும் அமைதி வாங்கிக் கொடுத்தவனுக்கு இரண்டு நாட்டிலும் இடம் இல்லை. அந்த ஒடிந்த அம்பையே எடுத்துத் தன் மார்பில் குத்திக்கொள்கிறான்.

1969க்குப் பிறகு நம் மக்கள் பட்ட பாடு உங்கள் வாசகர்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் சித்தப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாள கார்டு. பிரஜையாகாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. முப்பது வருடம் இந்த மண்ணில் உழைத்தவர் ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் ஏறினார். ஊரில் அவரை யாருக்கும் தெரியவில்லை, மலாய்க்காரர் வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். அவர் புறப்பட்ட அன்று ஆ சம் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “உன் சித்தப்பாவும் கியூ ஃபோங்தான், அமோய்” என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். என் நெஞ்சில் தங்கியது அது ஒன்றுதான். இப்போது சொல்லுங்கள், இதைச் சண்டைக் கதை என்று ஒரு வரியில் முடிக்கலாமா?

படங்களைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஹாங்காங் தொலைக்காட்சி நிறுவனமான டிவிபி எடுத்த குவோக் ஜிங் தொடர், 59 பகுதி. அதற்கு நிகராக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. வீடியோ டேப் வாடகைக்கு எடுத்து, ஆ சம் வீட்டு முன்கூடத்தில் எங்கள் வரிசை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். பையன்கள் திடலில் ‘ஹோங் லோங் சப் பாட் ஜோங்’ என்று கையை நீட்டிக் கத்திக்கொண்டு திரிந்தார்கள். பதினெட்டு வகை உள்ளங்கை அடியின் பெயர் அது. கதாநாயகி வோங் யோங்காக நடித்த பார்பரா யுங் 1985 மே மாதம் இறந்துபோனார். அவருக்கு 26 வயதுதான். பேப்பரில் வந்த அவருடைய படத்தை ஆ சம் வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தார். அது மஞ்சளாகிச் சுருண்டுபோகும் வரை அங்கேயே இருந்தது.

பெரிய திரைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாவலில் கொஞ்ச நேரமே வருகிற ஒரு பாத்திரத்தை 1992இல் நடிகை பிரிஜிட் லின்னை வைத்துப் படத்தின் மையமாகவே ஆக்கினார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. 2025 சீனப் புத்தாண்டுக்கு இயக்குநர் சுய் ஹார்க் எடுத்த குவோக் ஜிங் படம் வந்தது, பேத்தியோடு போனேன். நாற்பது அத்தியாய நாவலின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசிப் பகுதியை எடுத்திருக்கிறார்கள். குதிரைகளும் படையும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் ஒரு மனிதனோடு வருடக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது இரண்டரை மணி நேரத்தில் எப்படி வரும்?

பேத்தி சீனப் பள்ளியில் படிக்கிறாள். அன்று இரவு புத்தகத்தை எடுத்துவந்து கடைசி அத்தியாயத்தை எனக்காக வாசித்தாள். ஒரு வரி சீனம், ஒரு வரி தமிழ். செங்கிஸ் கான் சாகும் தறுவாயில் இருக்கிறார். என்னைப் போல் நாடு பிடித்தவன் உண்டா என்று கேட்கிறார். அவர் மடியில் வளர்ந்த குவோக் ஜிங், செத்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறான். கான் சாட்டையால் மண்ணில் ஒரு வட்டம் போட்டு, இவ்வளவுதான் என்கிறார். அந்த இடத்தில் பேத்தி நிறுத்தி, “பாட்டி, ‘ஹாப்’ என்பதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்டாள். வீரன் என்றேன், போதவில்லை. வள்ளல், சான்றோன், எதுவும் சரியாக உட்காரவில்லை. மற்றவன் கஷ்டத்துக்குத் தன் உடம்பைக் குறுக்கே போடுகிறவன் என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். அதற்கு ஒற்றைச் சொல் கண்டுபிடிப்பதற்காகவாவது இந்தக் கதைகள் தமிழில் வர வேண்டும் என்று அப்போது தோன்றியது.

என் வேண்டுகோள் இதுதான். கம் யோங்கின் ஒரு நாவலை, அதிலும் ‘தின் லோங் பாட் போ’வை, சீனத்திலிருந்தே நேராகத் தமிழில் நம் நாளிதழில் தினமும் ஒரு பத்தியாக வெளியிடுங்கள். ஆங்கிலம் வழியாக வேண்டாம். சீனப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த இளைஞர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தமிழாசிரியரைத் துணையாகக் கொடுத்தால் வேலை நடக்கும். உரிமை வாங்க வேண்டும், செலவு உண்டு, தெரியும். ஆனால் தொடர் படிப்பதற்காகவே பேப்பர் வாங்கியவர்கள் நாங்கள். கல்கி எழுதியதைக் கிழித்துத் தைத்து வைத்த வீடுகள் நம்மிடமும் உண்டு. நாளிதழில் தொடர்கதை நின்றதிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளைகள் யாரும் பேப்பருக்காகக் காலையில் வாசலுக்குப் போவதில்லை.

ஆ சம் இறந்து பல வருடம் ஆகிறது. அவர் வெட்டிச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து வைத்த கட்டை அவருடைய மகன் என்னிடம் கொடுத்துவிட்டார். என் அலமாரியில் இருக்கிறது. நடுவில் இரண்டு தாள்களில் மட்டும் கூம்பாக மடித்த மடிப்பும் எண்ணெய்க் கறையும் இன்னும் தெரியும். மொழிபெயர்ப்பவருக்கு அந்தக் காலத்துப் பேப்பரில் வந்த பழைய வடிவம் வேண்டும் என்றால், நீங்கள் ஆள் அனுப்பினால் போதும். பேத்தி மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள். எந்தப் பக்கம் எங்கே என்று எடுத்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புந்தோங், ஈப்போ.