சீனாவைத் தமிழில் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சீனாவைப் பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் யார்மீதும் கோபமில்லை. நீங்கள் இல்லாவிட்டால் அந்த நாட்டைப் பற்றி நான் எதையும் படித்திருக்கவே மாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா பெய்ஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் விடாமல் கேட்பார். 1963இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. சீனர்களே தமிழ் கற்றுக்கொண்டு வந்து, கொஞ்சம் நீட்டி நீட்டிச் செய்தி வாசிப்பார்கள். அவர்கள் நம் மொழியைப் படித்து நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். நாமோ இன்றுவரை ஒரு அமெரிக்கரையோ ஆங்கிலேயரையோ முன்னால் நடக்கவிட்டு, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டித்தான் சீனாவைப் பார்க்கிறோம். என் வருத்தம் இதுதான்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்நோவை நம்மில் பலர் படித்திருப்போம். 1936இல், கம்யூனிஸ்டுகளைச் சுற்றி வளைத்திருந்த அன்றைய அரசுப் படைகளின் முற்றுகையைத் தாண்டி வடமேற்கே அவர்களுடைய தளமான பாவோஆனுக்குப் போய், மாவோவிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதியவர். அந்தத் துணிச்சல் சாதாரணமானதல்ல. அதே ஸ்நோ, நாடு பெரும் பஞ்சத்தில் கிடந்த 1960இல் திரும்பப் போய் ஐந்து மாதம் சுற்றினார். பட்டினியால் சாகிற யாரையும் தான் பார்க்கவில்லை என்று எழுதினார். அடுத்த ஆண்டு போன மித்தரானும் (பிற்பாடு பிரான்சின் அதிபரானவர்) பஞ்சம் இல்லை என்றார், பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியும் அதையே சொன்னார். அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் அரசு காட்டிய ஊர்களைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள், உலகம் நம்பியது.

இதற்கிடையில், 1959 ஏப்ரலில், ஹூபெய் மாகாணத்தில் யாங் ஜிஷெங் என்ற பள்ளி மாணவனுக்கு அப்பா சாகக் கிடக்கிறார் என்று தகவல் வருகிறது. அரிசியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடுகிறான். வீட்டு வாசலில் இருந்த மரத்தின் பட்டையை முழுக்க உரித்துத் தின்றிருக்கிறார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தால் அப்பாவால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்போதுகூட அந்தப் பையன் இது தன் வீட்டுக்கு மட்டும் வந்த துயரம் என்றுதான் நினைத்தான், கட்சிமீது அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிறகு அரசின் சின்ஹுவா செய்தி நிறுவனத்தில் சேர்ந்து பல்லாண்டுகள் வேலை பார்த்தவர், அந்த அடையாள அட்டையை வைத்துக்கொண்டே 1990களில் மாகாண ஆவணக் காப்பகங்களுக்குள் நுழைந்து தாள் தாளாகச் சேகரித்தார். 2008இல் ஹாங்காங்கில் இரண்டு தொகுதிகளாக நூல் வந்தது. 1958 முதல் 1962 வரை பட்டினியால் இறந்தவர்கள் 3 கோடியே 60 லட்சம் பேர் என்பது அவருடைய கணக்கு. அவர் நாட்டில் அந்த நூலுக்குத் தடை. 2016இல் அமெரிக்காவில் ஒரு விருது கொடுத்தார்கள். போய் வாங்கிக்கொள்ள அவரை விடவில்லை.

ஒரே பஞ்சத்துக்கு இரண்டு சாட்சிகள். நாம் முதலில் யாரைப் படித்தோம், எத்தனை ஆண்டுகள் அவரை மட்டுமே நம்பிக்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. முன்பு சொர்க்கத்தைக் கண்டவர்களின் இடத்தில் இன்று நரகத்தை மட்டும் காண்கிறவர்கள். சீனாவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு மதிப்பெண் போடுகிறது, குறைந்தால் ரயிலில்கூட ஏற முடியாது என்று எத்தனை முறை படித்திருப்போம்! 2014இல் அரசு வெளியிட்ட திட்டத்தில் அப்படி நாடு முழுவதற்குமான ஒற்றை மதிப்பெண் எதுவும் இல்லை. ஷான்டோங்கில் ரோங்செங் போன்ற சில ஊர்களில் சோதனையாகப் புள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். விமானமும் அதிவேக ரயிலும் மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனைக் கட்டாமல் கறுப்புப் பட்டியலில் விழுந்தவர்கள். அதுவும் விவாதிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அது வேறு கதை. மிகைப்படுத்தல் அம்பலமானதும் என்ன ஆகிறது தெரியுமா? வடமேற்கே ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது போன்ற கொடுமைகளையும் சேர்த்து ‘எல்லாம் மேற்கத்தியப் பிரச்சாரம்’ என்று தள்ளிவிட நம் ஊரிலேயே ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே அறிக்கை கொடுத்தது. மிகைக் கதையால் உண்மையில் அடிபட்டவர்களுக்கு நேர்கிற இந்த அநியாயம்தான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் பின்னட்டைகளில் அடிக்கடி பார்க்கிற ஒரு வரி: சீனர்கள் கன்பூசியஸ் வழி வந்தவர்கள், கூட்டமாக வாழ்ந்து பழகியவர்கள், அடங்கிப் போவது அவர்கள் இயல்பு. ஃபெய் ஷியாவ்தொங் என்ற சமூகவியலாளர் 1940களிலேயே இதற்கு நேர்மாறான ஒரு படத்தை வரைந்திருக்கிறார். குளத்தில் கல்லைப் போட்டால் வளையம் வளையமாக அலை விரியுமே, சீனக் கிராமத்தில் உறவுகள் அப்படித்தான் என்றார். நடுவில் இருப்பது ‘நான்’. அடுத்த வளையம் குடும்பம், பிறகு பங்காளிகள், ஊர், அப்படியே தேய்ந்துகொண்டே போகும். வெளி வளையத்தில் இருப்பவருக்கு நான் பெரிதாகக் கடமைப்பட்டவன் இல்லை. இதைப் படித்தபோது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பது போல இருந்தது எனக்கு. அடங்கிப் போகிற இயல்பு என்கிறார்களே, 2022 நவம்பரில் நூறு நாளுக்கு மேல் கொரோனா ஊரடங்கில் கிடந்த ஷின்ஜியாங் தலைநகர் உரும்ச்சியில் ஒரு குடியிருப்பு தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தபோது, எங்கோ தொலைவிலுள்ள ஷாங்காயில் அந்த ஊரின் பெயர் கொண்ட தெருவில் கூடி, எதிர்ப்பின் அடையாளமாக வெற்றுத் தாளைத் தூக்கிப் பிடித்தவர்கள் யார்? பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

சரி, மேற்கத்தியர் எழுதியதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறேனா? கிடையாது. பாரிஸ் அறிவாளிகள் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அங்கே நடப்பது அதிகாரச் சண்டையும் அழிவும் என்று 1971இல் எழுதியவர் சைமன் லேஸ் என்ற பெல்ஜியக்காரர். அவர் சீனப் பத்திரிகைகளைச் சீனத்திலேயே படித்தார், ஹாங்காங்குக்குத் தப்பி வந்தவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அப்படிப்பட்டவர்களை இன்னும் கொண்டுவாருங்கள்.

எனவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த நூலின் பதிப்புரையில், ஆசிரியர் எந்த ஆண்டு போனார், எந்த ஊர்களில் இருந்தார், சீனம் தெரியுமா, கூட வந்தவர் யார் என்று ஒரு பத்தி போடுங்கள். பிறகு சீனர்கள் எழுதியதை எடுங்கள், முடிந்தவரை சீனத்திலிருந்தே. ஷிஜிங் என்னும் அவர்களுடைய பழங்கவிதைகளைச் சீன மூலத்திலிருந்து, பயணி என்ற பெயரில் எழுதும் மொழிபெயர்ப்பாளர் நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டார். முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

முதலில் யாங் ஜிஷெங்கை எடுங்கள். 2012இல் வந்த ஆங்கிலப் பதிப்பு மிகவும் சுருக்கப்பட்டது, அதனால் சீன மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1940இல் பிறந்தவர். கொண்டுவருவதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்